ராகு காலம் போகட்டும்

மூவாயிரம் பேரை ஒரே நொடியில் உள்ளே அனுப்பிவிட்டு, சத்தியசீலன் காப்பி கலக்கப் போனான். திரும்பி வந்து பார்த்தபோது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூவாயிரம் பேரும் வீட்டுக்கு மனுப் போட்டு முடித்திருந்தார்கள்.

அவர்களில் ஒருவருக்கும் அப்பா அம்மா கிடையாது. எல்லாரும் மலேசியாவின் கூலிம் நகரில் ஒரு சின்ன அலுவலகத்தில் சோதனைக் கருவி உண்டாக்கிய பொய் ஆட்கள். மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மலிவு விலை வீடுகளுக்கான இணையத்தளம் திறக்கிறது. முந்தி வருபவருக்கு வீடு. கூட்டம் நெருக்கினால் தளம் தாங்குமா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வதுதான் சத்தியசீலனின் பிழைப்பு.

"அண்ணே, நாளைக்கி எவனாச்சும் இதே மாதிரி மெஷின வச்சு வீட்டையெல்லாம் அள்ளிட்டா?" என்று கேட்டான் கூட வேலை பார்க்கும் ஈதன். சனிக்கிழமை தளத்தைக் காவல் காக்கும் முறை அவனுடையது.

"தெரிஞ்சிரும் லா. ஒரே இன்டர்நெட் லைன்லேர்ந்து மொத்தமா வந்து விழுவான். யோசிக்காம வெட்டி விட்டுரு," என்றான் சத்தியசீலன்.

அவன் மனம் அதில் இல்லை. அவன் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். மிச்சமிருக்கும் இருபத்துச் சொச்சம் குடும்பங்களும் வருடக் கடைசிக்குள் வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளைக் காலி செய்ய வேண்டும். இந்த வீடு கிடைக்காவிட்டால் நடுரோடுதான்.

பின்வாசல் வழியாகப் பெயரை நுழைக்க அவனுக்குத் தெரியாமல் இல்லை, மனம்தான் வரவில்லை. ஆனால் தோட்டத்தில் போன் சிக்னல் நிற்காது. தன் வீட்டு வைஃபையைக் கொடுப்பதில் என்ன தப்பு? ஈதனிடம்கூட அவன் இதைச் சொல்லவில்லை. சொந்தக்காரர்களுக்குச் சலுகை என்று ஊர் வாய் சும்மா இருக்காது.

சனிக்கிழமை எட்டு மணிக்கே தாமான் குடியிருப்பில் இருந்த அவன் வீட்டு வாசலில் தோட்டத்து ஆட்களோடு ஒரு வேனும் ஒரு வரிசை மோட்டார் சைக்கிள்களும் வந்து நின்றன. சத்தியசீலன் ஒவ்வொருவர் போனிலும் விவரங்களை நிரப்பிக் கொடுத்தான். இனி ஒரே ஒரு பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

பத்து மணி ஆனதும் அழகம்மா அத்தை கையை உயர்த்தினாள். தோட்டத்தில் அவள் சொல்லாமல் கோயில் கதவுகூடத் திறக்காது.

"தம்பி, பத்தரை வரைக்கும் ராகு காலம். குடிபோற வீடுப்பா. அது போகட்டும்."

"அத்தை, அதுக்குள்ள வீடு முடிஞ்சிரும். கம்ப்யூட்டர் ராகு காலமெல்லாம் பாக்காது."

"அது பாக்காது தம்பி. நாம பாக்கணும்ல."

தோட்டத்துப் பெரியவர் ராமையா முதற்கொண்டு எல்லாரும் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்கள். சத்தியசீலன் கெஞ்சினான், கோபப்பட்டான், கடைசியில் நாற்காலியில் சரிந்தான். ஊரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால் ஒருத்தன் என்னதான் செய்ய முடியும்?

தன் கணினியில் வீடுகள் ஒவ்வொன்றாகக் குறைவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் பத்தரை ஆனபோதும் இவர்களுக்குப் போதுமான வீடுகள் மிச்சம் இருந்தன. சாமி கண் திறந்துதான் இருக்கிறது என்று அவனே நினைத்துக்கொண்டான்.

ராமையாவின் விரல் பொத்தானுக்குப் போனது.

"இரு ராமையா," என்று தடுத்தாள் அழகம்மா. "நீ முந்தி அவன் பிந்தின்னு, ஒருத்தருக்குக் கெடச்சு ஒருத்தருக்குக் கெடைக்கலன்னா, நாளைக்கி எப்படி மூஞ்சில முழிக்கிறது? எல்லாரும் ஒண்ணா அமுக்குவோம்."

கற்பூரம் ஏற்றி மணி அடித்தாள். இருபத்துச் சொச்சம் விரல்களும் ஒன்றாக இறங்கின.

எல்லார் திரையிலும் ஒரு வட்டம் சுற்றியது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினார்கள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சத்தியசீலனின் கணினியும் அப்படியே நின்றுபோனது.

"போயிருச்சா தம்பி?" என்று கேட்டார் ராமையா. நேற்று மூவாயிரம் பேரைத் தாங்கிய தளம் இன்றைக்கா விழ வேண்டும்? சத்தியசீலன் கொஞ்ச நேரம் தன் கணினியோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, ஈதனுக்குப் போன் போட்டான்.

"எங்களுக்கும் கேக்கட்டும்," என்றாள் அழகம்மா. அவன் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான்.

"ஈதன், சைட் படுத்துருச்சா?"

"இல்லண்ணே, ஜம்முனு ஓடுச்சு. நீங்க நேத்து சொன்ன மாதிரியே ஒரு கும்பல் வந்துச்சு. ஒரே லைனு, ஒரே செகண்டு, அட்ரஸும் ஒரே எஸ்டேட்டு. மெஷினேதான். யோசிக்காம வெட்டிட்டேன்."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சத்தியசீலன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப எத்தன வீடு மிச்சம் இருக்கு?" என்று எப்படியோ கேட்டான்.

"ஒண்ணும் இல்லண்ணே, எல்லாம் முடிஞ்சிருச்சு. நல்ல வேளை, நெசமான மனுசங்களுக்கே போய்ச் சேந்துருச்சு."