பத்து மணிக்கு வரச் சொன்னாங்க

"இப்ப மணி என்னங்க?" வாசலிலேயே மறித்துக் கேட்டார் அரியமுத்து.

பெண் பார்க்கப் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் பதினொன்றே காலுக்கு வந்து நின்றால், பெண்ணின் அப்பா வேறு என்ன கேட்பார்? அறிவரசன் நெளிந்தான். கவியாவின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குக் கால் தரையில் படவில்லை. இந்தச் சம்பந்தமும் கைநழுவினால் அவ்வளவுதான்.

"அரியலூர்கிட்ட சிமெண்டு லாரி குறுக்கால நின்னுடுச்சுங்க" என்றாள் அவன் அம்மா ரெங்கம்மாள்.

அதே நொடியில், "ரயில்வே கேட் போட்டுட்டாங்க" என்றார் தாய்மாமன் மதுரைவீரன்.

"லாரியா, கேட்டா? உள்ள வந்து உக்காந்து, பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க!"

உட்கார்ந்தும் விடவில்லை. "செட்டிகுளத்துலேருந்து விக்கிரமங்கலம் என்ன அமெரிக்காவா? இன்னைக்கே இப்படின்னா தாலி கட்டற அன்னைக்கு?" மனுஷன் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினார். நடுவில் கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, இரண்டாவது காபியும் வந்தது. பெண் மட்டும் வரவில்லை.

"பொண்ணை வரச் சொல்லுங்களேன்" என்று மெல்ல இழுத்தாள் ரெங்கம்மாள்.

"மொதல்ல காரணம். அப்புறந்தான் பொண்ணு."

அறிவரசனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தே விட்டான்.

"லாரியும் இல்ல, கேட்டும் இல்லீங்க. அலாரத்தை அமுத்திட்டுத் தூங்கிட்டேன். தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்குங்க."

ரெங்கம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அரியமுத்து அவனையே உற்றுப் பார்த்தார். "எத்தனை மணிக்கு அலாரம் வெச்சீங்க?"

"அஞ்சரைக்குங்க."

"செல்லுலயா, கடிகாரத்துலயா?"

"செல்லுலதாங்க."

"என்ன பாட்டு?"

இதென்னடா விசாரணை என்று அவன் விழிக்கும்போதே வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. தோளில் பையும் பறக்கும் தலைமுடியுமாக இறங்கி ஓடி வந்தாள் ஒருத்தி. போட்டோவில் பார்த்த அதே முகம்!

"மன்னிச்சுக்குங்க! திருச்சி ஹாஸ்டல்ல அசந்து தூங்கிட்டேன், பஸ்ஸை விட்டுட்டேன். தப்பு முழுக்க என்னுதுதான்!"

அறிவரசனுக்குச் சிரிப்புப் பீறிட்டது. திரும்பி அரியமுத்துவைப் பார்த்தான்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ள. உங்களைத் திட்டலைன்னா, இவ வர்ற வரைக்கும் நான் எப்படித்தான் நேரத்தை ஓட்டறது?"