இடைவேளைக்கு அப்புறம்

வூட்டுக்குள்ளயே சினிமா கொட்டாய் போட்ட ஆளை நீங்க பார்த்திருக்கீங்களா? எங்க வூட்ல ஒருத்தர் இருக்கார். என்னைக் கட்டிக்கினவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னலுக்கெல்லாம் போர்வையைக் கட்டி இருட்டாக்கினார். திரைக்குக் கல்யாண வேட்டி. புரொஜெக்டர் வாடகைக்கு.

"அந்தப் பழைய படத்தை டிவியிலயே பாக்கலாமே?" என்றேன்.

"அதுல பாட்டை வெட்டிடறான், தேவி. ஆளையும் இழுத்துக் குண்டாக்கிடறான். சின்னசேலம் கொட்டாயில அம்மா எப்படிப் பார்த்துச்சோ, அப்படியே காட்டணும்."

சட்டம் வேறு ஜாஸ்தி. படத்தை நடுவில் நிறுத்தக் கூடாது. முறுக்கு இடைவேளைக்குத்தான். பெத்த அம்மாவுக்கே தரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

"நாற்காலி கெடையாதாடா?" என்றார் அத்தை.

"அன்னிக்கு மணல்லதானே உக்காந்த?"

படம் ஓடியது. அத்தை கண் கொட்டாமல் பார்த்தார். இடைவேளையில் முறுக்கைக் கடிக்காமல் கேட்டார்.

"டேய் அறிவு, அந்தப் பொண்ணு கடைசில அவங்கப்பாவைப் பாத்துடுதா?"

"பார்த்த படத்துக்கே கதை கேக்கறியா? பேசாம பாரும்மா!"

இடைவேளை முடிந்தால் மணி அடிக்கணுமாம். தாம்பாளத்தில் கரண்டியால் ஓங்கி ஒரு போடு போட்டார். அப்போதுதான் தூங்க வைத்திருந்தேன் ஜீவாவை. தொட்டிலுக்குள்ளிருந்து வீலென்று ஒரே அலறல்.

நான் எழுவதற்குள் அத்தை பிள்ளையைத் தூக்கிவிட்டார். "நீ உக்காரும்மா" என்று வாசலுக்கு நடந்தார்.

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா நீ! உனக்காகத்தான் இவ்ளோ பாடு. இனிமேதான் கதையே இருக்குது. கொட்டாயில பார்த்த மாதிரியே பாருன்னா, எழுந்து போய்க்கினு இருக்கியே!"

எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆசையாகச் செய்த மகனுக்காக உட்கார்ந்திருக்கக் கூடாதா?

அத்தை திரும்பிச் சிரித்தார்.

"அதே மாதிரிதான்டா செய்யறேன். அன்னிக்கும் மணி அடிச்சதும் மடியில இருந்த புள்ள அழுதுச்சு. தூக்கிக்கினு வெளிய போயிட்டேன்."

"எந்தப் புள்ள?"

"நீதான்."

நிறுத்தவே கூடாத படத்தை இவரே நிறுத்தினார். நாற்காலி ஒன்றை இழுத்து நட்டநடுவில் போட்டார். அத்தையிடமிருந்து ஜீவாவை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே போனார்.

வாசலிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"தேவி, அம்மாவுக்குப் படத்தைப் போடு. மணி மட்டும் அடிச்சுடாத தாயே!"