ஏழாம் குடுவை

"ஏழாம் குடுவையில என்ன பண்ணே? உண்மையைச் சொல்லு."

பேராசிரியர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எல்லாத்துலயும் பண்ணினதைத்தான் சார் பண்ணேன்," என்றாள் ஆராய்ச்சி மாணவி. கண் சிவந்திருந்தது.

தொட்டியருகே நின்ற அக்காவுக்குக் கை ஓடவில்லை. அந்த லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுவது அவள் வேலை. பேராசிரியரைத் தவிர எல்லோருக்கும் அவள் அக்காதான்.

குடுவைக்குள் என்ன வேகிறது என்று மாணவி ஒருமுறை சொல்லியிருந்தாள். "இரும்புல செய்யற காந்தம்க்கா. தூசியைவிடப் பல மடங்கு பொடிசு. ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டுக் கட்டி தட்டிடுது. பிரிக்கவே முடியல."

"எங்க மாமியாரும் நாத்தனாரும் மாதிரின்னு சொல்லு."

அன்றைக்கு மாணவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இருபது தடவை செஞ்சிருக்கே. ஏழு மட்டும் ஏன் தனியா நிக்குது?" பேராசிரியர் விடவில்லை.

"தெரியல சார்."

"தெரியலன்னு ஆய்வேட்டுல எழுத முடியுமா? சாயங்காலத்துக்குள்ள வாயைத் திற. இல்லேன்னா உன் இடத்துக்கு வேற ஆள் பார்க்கறேன்."

காரணம் அக்காவுக்குத் தெரியும். ஏழாம் குடுவையைக் கழுவிய அன்றைக்கு லேபில் கழுவும் திரவம் தீர்ந்துபோயிருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். பாதியில் குழாயில் தண்ணீர் நின்றது. காய்ந்த துணியால் உள்ளே ஒரு துடைப்பு, கவிழ்த்து வைத்துவிட்டாள். அந்தக் குடுவையின் கழுத்தில்தான் மாணவி '7' என்று ஒட்டினாள்.

மூன்று தடவை அலச வேண்டும் என்பது சட்டம். போன மாதம் ஒரு குடுவையை உடைத்தபோதே சூப்பர்வைசர் சொல்லிவிட்டான், இன்னொரு புகார் வந்தால் வீட்டுக்குப் போய்விடு என்று. அக்கா வாயை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு குடுவையையும் ஆறு தடவை அலசினாள்.

மாணவி நோட்டுகளைப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தாள். நாலு வருஷ நோட்டுகள். பை கொள்ளவில்லை.

அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள்.

"சார், அந்தப் பொண்ணை விடுங்க. தப்பு என்னுது."

சோப்பு, தண்ணீர், துணி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "சீட்டுக் கிழிக்கணும்னா எனக்குக் கிழிங்க."

பேராசிரியர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். மாணவி அழுதுகொண்டே சிரித்தாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அக்கா பயந்தாள்.

"அந்த சோப்பு மிச்சம் இருக்கா?" என்றார் அவர்.

"பாதி இருக்கு சார். ஏன்?"

"இருபதுல கட்டி தட்டாம வந்தது அந்த ஏழு ஒண்ணுதான்மா. இவ பொய்யா எழுதிட்டான்னு நினைச்சேன்."