நாடாவின் ஈரம்

பிளாக்பர்ன் நெசவாலையில், தறியின் குறுக்கே ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடாவுக்குள் புது நூல்கண்டைப் போட்டதும், நாடாவின் துளையில் வாய் வைத்து நூலை உறிஞ்சி வெளியே இழுக்க வேண்டும். நான்சி ரத்தமாக இருமிச் செத்த மறுநாள், அவளுடைய நீராவித் தறியும் பக்கத்துத் தறிக்காரி ஹெஸ்டரின் தலையில் விழுந்தது.

"ரெண்டையும் நீயே பாரு. முடியாதுன்னா சொல்லு, வாசல்ல பத்துப் பேரு நிக்கிறாளுங்க" என்றார் மேஸ்திரி.

ஹெஸ்டர் நான்சியின் நாடாவில் கண்டைப் போட்டாள். அவள் வாய் வைக்குமுன்பே நூல் துளைக்கு வெளியே வந்து நின்றது. மதியம்வரை ஒவ்வொரு முறையும் அப்படியே நடந்தது.

மேஸ்திரி துணியைத் தடவிப் பார்த்தார். "பரவாயில்லையே! ஆள் குறைஞ்சும் துணி குறையல."

"ஆள் குறையலீங்க" என்றாள் ஹெஸ்டர். தறி இரைச்சலில் அது அவர் காதில் விழவில்லை.

அவள் நாடாவின் ஈரத் துளையை விரலால் துடைத்தாள். சிவப்பாக, இளஞ்சூடாக ஒட்டியது.