பரீட்சைக்கு வந்த மீன்கள்

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியம்மா கழிவுநீர்க் குழாயைத் திறந்ததும் மேனேஜருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை இருமலாக மாற்றிக் கைக்குட்டைக்குள் மறைத்துக்கொண்டார். மோட்டார் ரூமிலிருந்த கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் பளபளவென்று நிரம்பியது.

"என்ன சார், சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணி இவ்வளவு தெளிவா இருக்கு?"

"எல்லாம் நம்ம சுத்திகரிப்பு மெஷின் மேடம். ராப்பகலா ஓடுது."

அந்த மெஷின் ஓடி எத்தனையோ மாதம். காவலாளி துண்டைக் காயப்போடுவதே அதன் மேல்தான்.

"பார்க்கத் தெளிவா இருந்தா போதாது" என்றார் அதிகாரி. "கீழ ஓடையில போய்ப் பாருங்க. மீனுங்களுக்குச் செவுள் வெந்துபோகுது. போட்ட முட்டை முக்காவாசி பொரிக்கிறதில்ல. தவளை, நண்டு எதையும் காணோம். பழகிப்போன ஒண்ணு ரெண்டு மீனுதான் மிச்சம். அதனால இந்தத் தொட்டியில மீனை விடுவோம். நாளைக்கு இதே நேரம் வர்றேன். உயிரோட இருந்தா லைசென்ஸ் உங்களுக்கு. செத்து மிதந்தா உங்க கேட்டுக்குப் பூட்டு."

முதலாளி ஏற்கெனவே ஃபோனில் சொல்லிவிட்டார். கேட்டுக்குப் பூட்டு விழுந்தால் மேனேஜர் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். அதற்காகத்தான் மேனேஜர் காலையிலேயே பிளம்பரை வரவழைத்திருந்தார். குழாய் என்னவோ கழிவுநீர்க் குழாய்தான். சுவருக்குப் பின்னால் அதன் வாலில் இணைத்திருந்தது மட்டும் ஆபீஸ் குடிதண்ணீர் லைன்.

விஷயம் மேனேஜருக்கும் பிளம்பருக்கும் மட்டும்தான் தெரியும். மைத்துனனிடம்கூட மூச்சு விடவில்லை. அவன் வாயில் எதுவும் தங்காது. மனைவியின் நச்சரிப்பு தாங்காமல்தான் அவனை ஸ்டோரில் உட்கார வைத்திருந்தார். அவனும் மாமாவிடம் ஒருநாளாவது நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று துடியாய்த் துடித்துக்கொண்டிருந்தான்.

"மீன் எங்க சார்? உங்களைத்தானே கொண்டுவரச் சொன்னேன்?"

"இதோ, மச்சினன் வந்துட்டான் மேடம்!"

மைத்துனன் வாளியோடு மூச்சிரைக்க ஓடிவந்தான். அவன் பேன்ட் முழங்கால்வரை நனைந்து நீலம் பூத்திருந்தது. ஆனால் அந்தப் பட்டறையில் யாருடைய துணிதான் வெள்ளையாக இருந்தது? வாளிக்குள் விரல் நீள மீன்கள் துள்ளிக் குதித்தன.

"மீன் கொண்டுவாடான்னா, எங்கடா குளிச்சிட்டு வர்ற?" என்று மேனேஜர் பல்லைக் கடித்தார்.

"சும்மா ஏதோ ஒரு மீனைக் கொண்டுவந்தா ஆச்சா மாமா? இதெல்லாம் கெட்டி மீனுங்க. நம்ம மானத்தைக் காப்பாத்தும். பாருங்க நாளைக்கு!"

அதிகாரி தன் கையாலேயே மீன்களைத் தொட்டியில் விட்டார். அவை வாலை ஆட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தன. மோட்டார் ரூமுக்குத் தன் பூட்டையே போட்டு, சாவியைக் கைப்பையில் வைத்து, மேனேஜர் கொடுத்த டீயையும் குடித்துவிட்டுப் போனார்.

ஜீப் கண்ணுக்கு மறைந்ததுதான் தாமதம், மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. மீன் படம் போட்ட பெரிய கேக்குக்கு ஆர்டர் கொடுத்தார். தொழிலாளர்களை பலூன் ஊதச் சொன்னார். மனைவிக்கு ஃபோன் போட்டு, "உன் தம்பி தங்கம்டி!" என்றார். மனைவி ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, இது தன் வீட்டுக்காரரின் நம்பர்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் அதிகாரி வந்தபோது பட்டறையே கல்யாண வீடு போல இருந்தது. கையில் கேக் கத்தியோடு மேனேஜர் முன்னால் நடந்தார். மைத்துனன் பின்னால் நின்று பெருமையில் நெளிந்தான்.

மோட்டார் ரூம் கதவு திறந்தது.

தொட்டியில் அத்தனை மீன்களும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

யாரோ கையிலிருந்த பலூனை விட்டுவிட, அது புஸ்ஸென்று கூரைவரை போய்க் கேக்கின் மேல் விழுந்தது.

"இதைத்தான் சார் சொன்னேன். உங்க தண்ணி சுத்த விஷம்" என்றார் அதிகாரி. மோட்டார் ரூமில் கழற்றிய அதே பூட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தார்.

மேனேஜருக்கு வாய்வரை வந்துவிட்டது. அது குடிதண்ணீர் மேடம், நேற்று நீங்கள் குடித்த டீயே அந்தத் தண்ணீரில் போட்டதுதான்! ஆனால் அதைச் சொன்னால் பூட்டு கேட்டோடு நிற்காது, தன்னையும் உள்ளே வைத்துப் பூட்டுவார்கள். வார்த்தையை விழுங்கிவிட்டு, மைத்துனனைச் சட்டையைப் பிடித்துச் சுவருக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"பாவி! எந்த நோஞ்சான் மீனைடா கொண்டுவந்து என் வேலைக்கு உலை வெச்சே?"

"நோஞ்சானா?" மைத்துனனுக்கு அழுகையே வந்துவிட்டது. "மாமா, நம்ம கழிவுத் தண்ணியில கடை மீனு ஒருமணி நேரம் தாங்குமா? அதான் நம்ம கழிவு வாய்க்கால்லயே இறங்கினேன். அதுலயே பொறந்து வளர்ந்ததாப் பார்த்துப் பார்த்துப் பிடிச்சேன். சாயமும் உப்பும் அதுங்களுக்குத் தாய்ப்பால் மாதிரி. எப்படிச் செத்துச்சுன்னே புரியல!"

மேனேஜரின் கை தானாகச் சட்டையை விட்டது. சுவரில் இணைத்திருந்த குழாயைக் காட்டி, ஈனஸ்வரத்தில் சொன்னார்.

"டேய்... தொட்டியில இருந்தது குடிதண்ணிடா."

மைத்துனன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஐயோ மாமா, நல்ல தண்ணி அதுங்களுக்கு ஒத்துக்காதே!"