சாரி கார்டு

காக்ஸ் டவுன் பைக் ஷோரூமில் சிவப்பு வண்டியும் சாம்பல் வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மேலே உறை எதுவுமில்லாத எஞ்சின்கள் மாலை வெயிலில் மினுங்குகின்றன. தமயந்தி கணவனின் தோளைப் பிடித்து இரண்டிலும் மாறிமாறி ஏறி உட்கார்ந்து பார்க்கிறாள். “எதும்மா வசதியா இருக்கு? இனிமே உனக்கு பஸ்ஸே கிடையாது,” என்கிறான் சித்தார்த். “சாம்பல்தாங்க. சீட்டு அகலமா இருக்கு,” என்கிறாள். பின்சக்கரத்தில் சேலை சிக்காமலிருக்கப் பொருத்திய சாரி கார்டைக் குனிந்து தொட்டுப் பார்க்கிறாள். அவன் விற்பனையாளரிடம் சிரித்துக்கொண்டே கன்னடத்தில் பேசுகிறான்: சிவப்புக்கே பில் போடுங்கள், சாரி கார்டு வேண்டாம், பின்சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மூடியை மாட்டிவிடுங்கள், சாம்பல் தீர்ந்துவிட்டதென்று நாளைக்கு இவளுக்கு போனில் சொல்லிவிடுங்கள். வாணியம்பாடியிலிருந்து வாழ வந்தவளுக்குக் கன்னடம் புரியாது என்றே அவன் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான். தினமும் எலெக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்களோடு பேசிப் பேசியே அவள் அதைக் கற்றுக்கொண்டது அவனுக்குத் தெரியாது. சாம்பல் வண்டியின் சீட்டில் அவள் உட்கார்ந்த பள்ளம் மெல்ல மேலெழுந்து மறைகிறது. “நீ சொன்னதையே சொல்லிட்டேம்மா, போலாமா?” என்கிறான். தமயந்தி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. விற்பனையாளரிடம், தடங்கலில்லாத கன்னடத்தில், பக்கத்தில் பஸ் ஸ்டாப் எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள்.