ஆடாமல் ஒரு சுரம்

புது கீபோர்டின் பெட்டியைப் பிரித்தால் அதில் கட்டைகளே இல்லை.

கறுப்பாக, ஒன்றரை முழ நீளத்தில், தொட்டால் மெத்தென்று அமுங்குகிற ஒரு ரப்பர் பலகை. கட்டை இருக்கவேண்டிய இடத்தில் லேசான மேடு, அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் செருகிவிட்டால் வயலினோ புல்லாங்குழலோ, எதை வேண்டுமானாலும் இதிலேயே வாசிக்கலாமாம்.

பாத்ரூம் வாசல் மிதியடிக்கு வயர் போட்டு விற்கிறான் பார் என்றார் டிரம்ஸ்காரர். ஸ்டுடியோவே சிரித்தது.

கீபோர்டுக்காரருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

முந்தின நாளே இசையமைப்பாளர் சொல்லிவிட்டார். அடுத்த படத்திலிருந்து எல்லாம் இதில்தான், பழைய கீபோர்டு மூலைக்குப் போகிறது. உங்களில் யார் கைக்கு இது படிகிறதோ அவர் உட்காரட்டும். யாருக்கும் படியவில்லையென்றால் வெளியிலிருந்து ஆள் வரும். பொதுவாகச் சொன்ன மாதிரிதான் சொன்னார். ஆனால் இருபது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு ஆள்தானே. அந்த ஆளுக்கு வேறு தொழில் ஒரு மண்ணும் தெரியாது.

முதலில் டிரம்ஸ்காரர் போய்ப் பார்த்தார். வழக்கப்படி ஓங்கி ஒரு தட்டு. வால் மிதிபட்ட பூனை மாதிரி அது கத்தியது.

பேஸ் கிடார் வாசிக்கிற குண்டு மாமாவுக்கோ விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம். ஒரு சுரத்தைத் தொட்டால் இரண்டு கூடவே வந்தன. போதுமடா சாமி என்று எழுந்துவிட்டார்.

மூன்றாவதாக வயலின்காரி. கீபோர்டுக்காரரின் மனைவி. விரலை வைத்து, கைப்பழக்கத்தில் மணிக்கட்டை ஒரு ஆட்டு ஆட்டினாள். சுரம் பக்கத்து வீட்டுக்கே போய்விட்டது. ஆட்டி ஆட்டியே சோறு சாப்பிடுகிற எனக்கே அடங்கமாட்டேன் என்கிறதே என்று சலித்துக்கொண்டே வந்து, கணவனைப் பார்த்து, போங்கள் என்று கண்ணால் சொன்னாள்.

அவர் விரல்களைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐம்பது வயசில் பரீட்சை எழுதுகிற கொடுமை யாருக்கும் வரக்கூடாது.

ஒரே ஒரு சுரத்தை அழுத்தினார்.

வயலின் ஒலி எழுந்தது. எழுந்து, ஒரு குழைவோடு அப்படியே நின்றது. யாரோ தொண்டையில் அழுகையை வைத்துக்கொண்டு பாடுவது போலிருந்தது. திரையில் அந்தச் சுரத்தின் கோடு பொடிப்பொடி அலையாக ஓடியது.

இசையமைப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் பாட்டு தேறிவிட்டது என்று அர்த்தம். டிரம்ஸ்காரர் வந்து தோளைக் குலுக்கினார். இத்தனை நாள் இதை எங்கே ஒளித்துவைத்திருந்தீர் என்று மாமா கேட்டார்.

அப்பாடா என்றிருந்தது கீபோர்டுக்காரருக்கு. இதற்குப் போயா ராத்திரி தூங்காமல் கிடந்தோம்! குழைவு, கிழைவு எல்லாவற்றையும் மெஷினே பார்த்துக்கொள்கிறது. பழைய கீபோர்டில் அதற்கென்று இடது பக்கம் ஒரு சக்கரம் இருக்கும், திருகினால்தான் சுரம் அசையும். இதில் திருகக்கூட வேண்டாம் போலிருக்கிறது. அவர் சும்மா அழுத்தினார், அவ்வளவுதான். அதை யாரிடமும் சொல்லவில்லை. தானாக வந்த பேரை யாராவது வேண்டாம் என்பார்களா? அடக்கமாக ஒரு சிரிப்பை மட்டும் சிரித்துவைத்தார்.

எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி மட்டும் அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரமாதம், இப்போது அசைவே இல்லாமல் ஒன்று கொடுங்கள், இரண்டும் சேர்ந்துதான் படத்தோட ஆரம்பமே என்றார் இசையமைப்பாளர்.

இதென்ன பெரிய விஷயம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ரெக்கார்டிங் பெண்ணின் பக்கம் சாய்ந்து, அந்தக் குழைவைக் கொஞ்சம் ஆஃப் பண்ணிடும்மா என்றார் மெதுவாக.

"ஆஃப் பண்றதுக்கு அதுல ஒண்ணுமே இல்லையேண்ணா. உங்க விரல் என்ன பண்ணுதோ, அதுதான் வருது."

அவருக்கு ஒரு கணம் விளங்கவில்லை.

பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். அலை. விரலை மாற்றினார். அலை. மணிக்கட்டை மேசையோடு மேசையாக வைத்து, தோள்வரை விறைத்துக்கொண்டு அழுத்தினார். அதே பொடி அலை, சீராக ஓடிக்கொண்டே இருந்தது.

கட்டையென்றால் அழுத்திய பிறகு விரல் என்ன ஆட்டம் போட்டாலும் சுரம் கண்டுகொள்ளாது. அதனால் எத்தனை மாதமாக இது நடக்கிறது என்று அவருக்கே தெரியாது. சட்டைப் பொத்தான் போடத் திணறியபோதெல்லாம் பொத்தானைத்தான் திட்டியிருக்கிறார். காப்பி தளும்பினால் டம்ளரை நிறைத்தவளைத் திட்டியிருக்கிறார்.

போதும் உங்கள் சீன், ஆட்டாமல் வாசியுங்கள் என்று டிரம்ஸ்காரர் சிரித்தார். இசையமைப்பாளரும் சிரித்தார்.

மனைவி எழுந்து வந்தாள். பாராட்டுகிறவள் மாதிரி அவருடைய வலது கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்து இறுக்கினாள். விரல் நோகும்படி இறுக்கினாள். அதற்குள்ளும் அது நிற்கவில்லை.

"வெளியில இருந்து ஆளைக் கூப்பிட்டுக்கங்க சார். இவருக்கு ஆட்டாம வாசிக்க வராது."

பெண்டாட்டி புருஷனைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து, டிரம்ஸ்காரர்தான் முதலில் கைதட்டினார்.